குழி மூடிய அறை

"வேகமா போடி! வேன் கேட்டாண்ட போய்ட்டுது பாரு!"

டிவிஎஸ்ஸின் பின்சீட்டில் காந்தா ஒரு கையால் மகளின் தோளையும் இன்னொரு கையால் அவிழ்ந்துபோன கொண்டையையும் பிடித்திருந்தாள். பால் சொசைட்டிக்குக் கொண்டுபோன தூக்கு இன்னும் மணிக்கட்டிலேயே தொங்கியது. வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் அது மட்கார்டில் மோதி 'டங்'கென்றது.

முன்னால் நீல வேன். அதன் தார்ப்பாய் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக ஒரு மானிட்டரின் முதுகு எட்டிப் பார்த்தது.

"போறேம்மா! ரோடு பூரா நெல்லுத்தாளு. சக்கரத்துல சுத்திக்கினா ரெண்டு பேரும் கவுந்துடுவோம்" என்றாள் ஜெயப்ரியா.

தை மாசம். சம்பா அறுத்த கதிரை கூரத்துக்காரர்கள் தார்ச்சாலையில் பரப்பி வைத்திருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் இலவசமாகப் போரடித்துக் கொடுக்கும். வேனுக்கு அது மெத்தை. டிவிஎஸ்ஸுக்கு வலை.

ரயில்வே கேட்டில் மணி அடித்தது. வேன் நழுவி அந்தப் பக்கம் போனது. கேட் இறங்கியது.

"போச்சு!" காந்தா இறங்கி, கேட்டுக்கு அடியில் குனியப் பார்த்தாள்.

"அம்மா! ரயிலு வருதும்மா! உயிரை விடப் போறியா கம்ப்யூட்டருக்கு?"

"உனுக்குத்தான்டி விடறேன் உயிர!" என்று கத்தினாள் காந்தா.

ஜெயப்ரியா சக்கரத்தில் சுற்றியிருந்த வைக்கோலை ஒவ்வொரு தாளாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். பால் ஊற்றிவிட்டு காந்தா திரும்பியபோது, எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் துடைப்பமும் கையுமாகத் தெருவில் நின்றிருந்தாள்.

"இன்னா காந்தா, கடையக் காலி பண்ணிட்டீங்களா? சொல்லவேல்ல?"

"எந்தக் கடைய?"

"அதான், உன் தம்பி பாண்டியன் வேனக் கொண்டாந்து எல்லாத்தையும் ஏத்திக்கினு போறானே. என் பொண்ணு இன்னும் பல்லுகூட வெளக்கல, அதுக்குள்ள அவ கம்ப்யூட்டர் தெருமுனை தாண்டிட்டுது. ஞாயித்துக்கெழம பரீச்சைய எதுல எழுதுவா, என் அம்மிக்கல்லுலயா?"

காந்தா உள்ளே ஓடினாள். பூட்டு உடையவில்லை. சாவி போட்டுத் திறந்து, நாதாங்கியில் ஒழுங்காகத் தொங்கவிட்டிருந்தார்கள். சாவி இரண்டு. ஒன்று இவள் இடுப்பில். இன்னொன்று கம்ப்யூட்டர்களை வைத்த டிரஸ்டின் வேன் ஓட்டுகிற பாண்டியனிடம்.

அறை காலி. மேசைகள் மட்டும் நின்றன.

அந்த மேசைகளின் கால்கள் வீராசாமியின் தறி மரங்கள்.

போன வைகாசி வரைக்கும் அந்த அறையில் குழித்தறி இருந்தது. காந்தாவின் புருஷன் வீராசாமி குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் ஊர் சத்தம் எதுவும் அவர் காதில் ஏறாது. பக்கத்தில் சேலைக் கரைக்கு நூல் நாடா தள்ள ஜெயப்ரியா. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவளுக்கு அதுதான் இடம்.

அந்தச் சமயத்தில்தான் பாண்டியன் வந்து வாசலில் நின்றான்.

"அக்கா, எங்க டிரஸ்ட்டுல கிராமத்துக்குக் கிராமம் கம்ப்யூட்டர் சென்டர் வைக்கறாங்கக்கா. பொம்பளப் புள்ளைங்களுக்குப் பைசா இல்லாம சொல்லித் தராங்க. எடம் மட்டும் ஊர்ல குடுக்கணும். ஜெயா பிளஸ் டூ படிச்சிக்கிறா. டவுன்ல கோர்ஸும் முடிச்சிட்டா. அவதான் டீச்சரு."

ஊரில் கரண்டு நிலையாக வரும் பெரிய அறை வேறு யார் வீட்டிலும் இல்லை. டிரஸ்ட் அதிகாரி ராஜகோபால் வந்தார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, அறையைச் சுற்றி வந்து, தறிக்குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். கிணற்றைப் பார்ப்பதுபோல.

"இது சமமா இருக்கணுமே. நாளைக்கு ஒரு பொண்ணு கால் தவறி விழுந்தா யார் பொறுப்பு?"

வீராசாமி அன்று சாப்பிடவில்லை. கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் தட்டிலேயே ஆறின. அவர் மச்சானைக் கேட்கவில்லை, அதிகாரியையும் கேட்கவில்லை. வீட்டில் படித்தவள் மகள் ஒருத்திதான். அவளைத்தான் கேட்டார்.

"பாப்பா, இது நெலைக்குமா? நெசமா சொல்லு. குழிய மூடிட்டா அப்பால தோண்ட என்னால ஆவாது. எனுக்கு முட்டி போயிடிச்சி."

"நெலைக்கும்பா. மூடிடுப்பா, பயப்படாத."

மண் கொட்டியபோது அவர் கொல்லைப்புறம் முருங்கை மரத்தடியில் நின்று பீடி பிடித்தார். மேலே சிமெண்டு பூசினார்கள். தறியின் ஜக்கார்டு பெட்டி மச்சில் ஏறியது. மறுநாளிலிருந்து வீராசாமி சைக்கிள் மிதித்துப் பிள்ளையார்பாளையம் போய், கலியன் வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்ந்தார். அவன் இவரிடம் தொழில் பழகியவன். இப்போது இவருக்கு முதலாளி. "வாத்தியாரே, டீ சாப்ட்டு உக்காருங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் வீராசாமியின் தொண்டையில் இறங்கவில்லை.

இருந்தாலும் சென்டர் களைகட்டியது. பட்டு இழைத்துக்கொண்டிருந்த பெண்கள் வந்தார்கள். ஆயுதபூஜைக்கு மானிட்டர் ஒவ்வொன்றுக்கும் தறிக்கு வைப்பதுபோலவே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள் காந்தா. குங்குமம் காற்றோட்டத் துளைகளுக்குள் இறங்கிவிட்டது. "அம்மா, உள்ள ஷார்ட் ஆயிடும்மா!" என்று ஜெயப்ரியா பதறினாள். "சாமி குங்குமம் ஒண்ணும் செய்யாதுடி" என்றாள் இவள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பரீச்சை. ஜெயித்தால் சர்டிபிகேட். அது இருந்தால் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று ராஜகோபாலே சொல்லியிருந்தார். தெருவே அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேட் திறந்தது. வேன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை.

டவுனுக்குள் நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டது. கோயில் பார்க்க வந்த டூரிஸ்ட் பஸ்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை ஜவுளிக்கடை புரோக்கர்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் பக்கம்டி போயிருப்பான்?"

"சர்வீஸுக்கு மெட்ராஸ் போயிருப்பாரும்மா மாமா. சாயங்காலம் கொண்டாந்துடுவாரு. வாம்மா, வூட்டுக்குப் போலாம்."

"சர்வீஸுன்னா சொல்லிட்டுப் போறவனுக்கு இன்னா? திருடனாட்டம் நான் இல்லாத நேரமாப் பாத்து..."

அவள் முடிக்கவில்லை. எதிரே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று ஊர்ந்து வந்தது.

"...உங்கள் வீட்டுப் பெண்களின் எதிர்காலம் இனி உங்கள் வாசலிலேயே! ஏனாத்தூரில் இலவச கணினி மையத் திறப்பு விழா! இன்று! அனைவரும் வருக!"

காந்தா அசையாமல் நின்றாள். இதே குரல். இதே வார்த்தை. போன வைகாசியில் தங்கள் கூரத்துத் தெருவில் இதைக் கேட்டபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"வண்டியத் திருப்பு" என்றாள்.

"எங்கம்மா?"

"ஏனாத்தூருக்கு."

"அம்மா, பெட்ரோல் ரிசர்வுல ஓடிக்கினு..."

"நின்னா தள்ளிக்கினு போலாம். திருப்புடி!"

ஏனாத்தூர் சமுதாயக் கூடத்தின் முன் ஷாமியானா போட்டிருந்தார்கள். வாழைமரம் கட்டியிருந்தார்கள். கேசரி வாசனையும் வந்தது. எல்லாம் கூரத்தில் நடந்தது போலவே. காலேஜ் பையன்கள் சிலர் போண்டாவுக்காக நின்றிருந்தார்கள். கேமரா தொங்கவிட்ட வெள்ளைக்காரர் ஒருவர் மாலையும் கழுத்துமாக வியர்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போம்மா. நான் வண்டியப் பாத்துக்கினு இருக்கேன்" என்றாள் ஜெயப்ரியா.

"வண்டிய எவன் தூக்கிக்கினு போவப் போறான்?"

"நீ போம்மா."

காந்தா உள்ளே போனாள். புது மேசை விரிப்பின்மேல் மானிட்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நன்றாகத் துடைத்திருந்தார்கள். ஆனால் துளைகளுக்குள் எவன் துணி போகும்? குனிந்து பார்த்தாள். சிவப்பாக இருந்தது. அவள் இட்ட குங்குமம்.

"யாரும்மா நீங்க? பொம்பளைங்க வரிசை அந்தப் பக்கம்" என்று ஒரு தொண்டன் கையை நீட்டினான்.

"நான் வரிசைல நிக்க வரல. எங்க வூட்டுப் பொருளு இங்க வரிசைல நிக்குது. கூட்டிக்கினு போவ வந்தேன்."

ராஜகோபால் அவளைப் பார்த்துவிட்டார். சிரித்த முகத்தோடே வேகமாக வந்து, வெள்ளைக்காரருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"காந்தாம்மா, வாங்க வாங்க. இங்க வேண்டாம். அந்தாண்ட போய்ப் பேசலாம். போட்டோ எடுக்கிறாங்க."

"எடுக்கட்டும் சார். நானும் நிக்கறேன். போன வாட்டி எங்க வூட்டுல எடுத்த போட்டோல இருந்த பொட்டிதானே இது?"

"சத்தம் போடாதீங்க. எங்ககிட்ட இருக்கிறது ஒரே செட்டும்மா. ஒரு ஊர்ல கத்துக்கொடுத்தாச்சுன்னா அடுத்த ஊர். அவங்களும் ஏழைங்கதானே? நீங்களே எல்லாத்தையும் வச்சுக்கணுமா?"

"அப்படின்னா அன்னிக்கே சொல்லி இருக்கலாமே! குழிக்கு மண்ணு கொட்றதுக்கு முன்னாடி சொல்லி இருக்கலாமே!"

"நான் உங்களைக் குழியை மூடச் சொன்னேனா? சமமா இருக்கணும்னுதான் சொன்னேன்."

காந்தா ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம பரீச்ச?"

"அது... வேற ஏற்பாடு பண்றோம்" என்றார் ராஜகோபால், ஷாமியானாவின் துணியைப் பார்த்துக்கொண்டு.

"உங்க பொருளுன்னு எப்படிச் சொல்ற? எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்று தொண்டன் நடுவில் புகுந்தான்.

காந்தா சுற்றிப் பார்த்தாள். மேசைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி, அது நிறைய ஒயர்கள். ஒன்றைப் பிடுங்கித் தூக்கிப் பிடித்தாள்.

"இத பாரு! எப்படிச் சுத்தி இருக்குது? பட்டு நூல சிக்கு விழாம சுத்தி நடுவுல கட்டுவோமே, சிட்டம், அப்படி சுத்தி இருக்குது. கட்டி இருக்கறது கழிவுப் பட்டு. உங்க ஊர்ல எவனாச்சும் கரண்டு ஒயர சிட்டம் போடுவானா? நெசவுக்காரன் வூட்டுலருந்து வந்ததுய்யா இது!"

கூட்டம் திரும்பியது. காலேஜ் பையன் ஒருவன் "கரெக்ட்டு பாஸு" என்று சிரித்தான். வெள்ளைக்காரர், இது ஏதோ உள்ளூர் வரவேற்பு என்று நினைத்து, காந்தாவையும் ஒயரையும் போட்டோ எடுத்தார்.

அப்போதுதான் பாண்டியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். காக்கிச் சட்டை முழுக்கத் தூசி.

"அக்கா, வாக்கா. வெளிய வா."

"நீதானே தொறந்த?"

"நாந்தான்க்கா."

"எப்பத் தெரியும் உனுக்கு?"

"காலைல போன் பண்ணாங்க, உடனே ஏத்திக்கினு வான்னு."

"இந்தச் சிட்டம் யாரு போட்டது?"

பாண்டியன் காந்தாவைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, வாசலைப் பார்த்தான்.

"நாந்தான்க்கா போட்டேன். சிக்கு விழக்கூடாதுன்னு."

"அக்கா வூட்ல பட்டு சுத்திக் கத்துக்கினது இதுக்கு உதவுச்சா உனுக்கு?" காந்தாவின் குரல் தணிந்துவிட்டது. அது கத்தலைவிட மோசம். "அப்பா செத்தப்ப உன்ன இடுப்புல தூக்கிக்கினு நின்னேன்டா நான். கேளு. நாளைக்கு நான் செத்தா, பொறந்த வூட்டுக் கோடிய எடுத்துக்கினு வந்து நிக்காத. வெத்து ஒடம்போட போறேன். உன் துணி என் மேல படக்கூடாது."

கூட்டத்தில் இருந்த பொம்பளைகள் "ஐயோ" என்றார்கள். உயிரோடு இருக்கிற தம்பிக்கு அக்காள்காரி சொல்லக்கூடாத வார்த்தை அது. பாண்டியன் அப்படியே நின்றான். 

காந்தா அந்த ஒயரை மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏறுடி. பிள்ளையார்பாளையம். உங்கப்பாண்ட சொல்லணும்."

"சாயங்காலம் வூட்டுக்கு வந்தப்புறம்..."

"தெருவே அவரண்ட சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும். ஏறு."

 பாதி தூரத்தில் பெட்ரோல் உண்மையிலேயே தீர்ந்தது. பங்க் வரைக்கும் தள்ளினார்கள். ஜெயப்ரியா ஹேண்டில் பாரைப் பிடித்துக் குனிந்த தலை நிமிராமல் தள்ளினாள். அழுகிறாள் என்று காந்தாவுக்குத் தெரிந்தது. பாவம், டீச்சர் வேலை போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

"அழாத பாப்பா. உன் தப்பு இன்னா இருக்குது இதுல?"

அழுகை கூடியது.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். சாக்கடையில் சாய வீட்டின் ரத்தச் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. கலியன் வீட்டு முன்னறையில் வீராசாமி தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். பழைய பாவின் இழை நுனியையும் புதுப் பாவின் இழை நுனியையும் சேர்த்து, சாம்பல் தொட்டு, விரலால் ஒரு முறுக்கு. அடுத்த இழை. மறுபடி ஒரு முறுக்கு.

"இன்னா காந்தா, ரெண்டு பேரும் வந்துக்கிறீங்க? மாடு கீடு..."

"மாடு நல்லாத்தான் இருக்குது. மனுஷன்தான் கெட்டுப்பூட்டான்" என்று ஆரம்பித்தாள் காந்தா. வேன், ஏனாத்தூர், குங்குமம், ராஜகோபால், பாண்டியன் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். தம்பியைச் சொன்ன வார்த்தையையும் மறைக்கவில்லை. கலியன் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இது தன் காதுக்கு உரியதில்லை என்று உள்ளே போய்விட்டான்.

வீராசாமி இழையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோடிய பத்தி ஏன்மே பேசின? பாண்டியன் அப்படிப்பட்ட ஆளு இல்லியே."

"அவனே ஒத்துக்கினான்யா! காலைல போன் வந்துச்சாம், உடனே ஏத்தினானாம். இத பாரு, எவ்ளோ பொறுமையா சிட்டம் போட்டு எடுத்துக்கினு போயிருக்கான்!" மடியிலிருந்த ஒயரை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

வீராசாமி சாம்பல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒயரை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். சுற்றின் நடுவில் சிவப்புப் பட்டு முடிச்சு. கட்டைவிரலால் அதைத் தடவினார். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. கோபமாக இருக்கும்போதுகூடத் தன் பிள்ளையின் வேலையைப் பார்த்தால் வருகிற சிரிப்பு.

"பாண்டியன் எங்க போட்டான்? இது பாப்பா போட்டது. இடது கை முறுக்கு. எத்தினி பாவுல இவ பிணைச்ச எழைய மட்டும் தனியாப் பாத்து எடுத்திருக்கேன், எனுக்குத் தெரியாதா? எல்லார் முறுக்கும் ஒரு பக்கம்னா இவளுது ஒரு பக்கம்..."

சிரிப்பு பாதியில் நின்றது.

காலையில் திடீரென்று வந்த வேன். அவசரமாக ஏற்றிய பெட்டிகள். பெட்டி நிறையச் சிட்டங்கள். அவசரத்தில் போடுகிற வேலையில்லை அது. முந்தைய சாயங்காலம் வகுப்பு முடிந்தபின், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஒருத்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுற்றி ஒவ்வொன்றாகக் கட்டியிருக்கிறாள். கட்டிவிட்டு வந்து, அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறாள்.

காந்தா மெதுவாக மகள் பக்கம் திரும்பினாள். வைக்கோலை ஒவ்வொரு தாளாகப் பிடுங்கிய விரல்கள். மெட்ராஸ் சர்வீஸ். ரிசர்வில் ஓடிய பெட்ரோல். பாண்டியன் தன் தோளுக்கு மேலே யாரைப் பார்த்தான் என்பதும் இப்போது தெரிந்தது.

"ஜெயா?"

ஜெயப்ரியா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"மெட்ராஸ் ஆபீஸ்ல என்னை எடுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்கம்மா. திங்கக்கெழம சேரணும். பிரச்சன இல்லாம செட்ட அனுப்பி வெச்சாத்தான்னு ராஜகோபால் சார் சொன்னாரு."

"பொன்னியம்மா பொண்ணு? மத்த புள்ளைங்க? பரீச்ச?"

"பரீச்சையே கெடயாதும்மா. எந்த ஊர்லயும் நடந்ததில்ல."

"உங்க மாமன்?"

"மாமா அப்பவே உங்ககிட்ட சொல்லிடறேன்னாரு. நான்தான் கால்ல வுழுந்து தடுத்தேன்."

காந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மணிக்கட்டிலிருந்த தூக்கு கழன்று உருண்டு குழியின் விளிம்பில் போய் நின்றது. ஏனாத்தூரில் நாலு பேர் முன்னால் தான் சொன்ன வார்த்தை அவள் காதிலேயே ஒலித்தது. அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க எந்த ஊரிலும் வழியில்லை.

வீராசாமி குழிக்குள் காலை விட்டபடியே உட்கார்ந்திருந்தார். ஒயர் அவர் மடியில் கிடந்தது. கேட்டபோது அவர் குரலில் கோபமே இல்லை.

"அப்பவேன்னா? எப்பருந்து தெரியும் பாப்பா உனுக்கு, இந்தச் செட்டு போயிடும்னு?"

அவள் அவருடைய கால்கள் இறங்கியிருந்த குழியைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்து நாடா தள்ளியவள். அது வீட்டில் திறந்திருக்கும்வரை எந்த வேலைக்குப் போனாலும் அங்கேதான் திரும்ப வேண்டும் என்று நினைத்தவள்.

"நீ என்னைக் கேட்டியேப்பா, நெலைக்குமான்னு" என்றாள் ஜெயப்ரியா. "அதுக்கு மொத நாளே."